நூற்றுப் பன்னிரண்டாவது சென்டிமீட்டர்

தண்ணீர் வற்றும் நேரம் அதிகாலை நாலு இருபது.
தேசப்பன் எண்ணூறு கேட்டார்,
படகுக்கு இல்லை, காத்திருப்பதற்கு.
எண்ணூர் கழிமுகத்துச் சேற்றில் இடுப்பளவு நின்று
பிவிசி குழாயை நிமிர்த்தி
மரச்சுத்தியால் அடித்தேன்.
முதலில் மாவில் விரல் இறங்குவதுபோல் இறங்கியது.
பிறகு ஒரு 'ணங்'.
"அங்க இருக்குது பழைய தரை,"
என்றார், பீடியைப் பற்றவைக்காமலே.
தண்ணீர்மேல் எண்ணெய் மினுங்கியதால் இருக்கலாம்.

அத்திப்பட்டில் மின்சார ரயில்.
குழாயைச் சாய்க்கக் கூடாது,
சாய்த்தால் வருடங்கள் கலந்துவிடும்.
மீன்கூடையோடு ஏறியவள் கேட்டாள்:
"இன்னாமா அது?"
"சேறு."
"சேத்தயா எடுத்துனு போற?
மழ வுட்டதும் எங்கூட்டாண்ட வந்திருந்தா
சும்மாவே வாரிக் குடுத்திருப்பனே!"
பெட்டியே சிரித்தது, நானும்தான்.
கொருக்குப்பேட்டை வரும்போது
ஜன்னலோரம் இடம் கிடைத்தது,
எனக்கல்ல, குழாய்க்கு.

துறையின் குளிர்பெட்டியில் நாலு டிகிரி.
யாரோ வைத்த பிறந்தநாள் கேக்கின் மிச்சத்துக்குப் பக்கத்தில்
என் அறுபது வருடங்கள் படுத்திருக்கின்றன.
அவை கெடாமலிருக்க ஓடும் கரண்டு
எந்தப் புகைபோக்கியிலிருந்து வருகிறதென்று
நான் கேட்டதில்லை.
கேட்காமலே தெரியும்.

நீளவாக்கில் அறுத்து
ஒவ்வொரு சென்டிமீட்டராய்ச் சுரண்டி எடுத்தேன்.
மேலே சாம்பல்.
அதற்கும் கீழே சாம்பல்.
முப்பத்தொன்றில் விரல் தடிமனுக்குப் பருமணல்,
ஒரே காலையில் வந்தது.
கூட வந்தவை எவை, போனவர்கள் யாரென்று
ஈயம் இருநூற்றுப்பத்து சொல்லாது.
அதற்கு வயது மட்டுமே தெரியும்.

நுண்ணோக்கியில் வைத்தால்
சாம்பல் அவ்வளவு அழகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது.
கண்ணாடி உருண்டைகள்.
கடல் இத்தனை வட்டமாக எதையும் செய்ததில்லை,
ஆறும் செய்ததில்லை.
ஆயிரம் டிகிரிக்குமேல் உருகி
காற்றிலேயே குளிர்ந்து
கத்திவாக்கத்துத் துணிக்கொடியில், குழம்பில்,
குழந்தையின் இமையில் இறங்கிய கோளங்கள்.

அடுத்த மேசை மிஸ்பா
செவ்வாய்க் கிரகத்தின் பள்ளங்களை எண்ணுகிறாள்.
அவள் முடிவுகளை மறுத்து
எந்த ஆலையும் கடிதம் எழுதுவதில்லை.
என் திரையை எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"எந்தக் கிரகம்டி இது?"
"பஸ் போகும். ஒன் சி."
அவள் சிரிக்கவில்லை.

கட்டுரை திரும்பி வந்தது.
முகம் தெரியாத மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்:
ஒப்பிடுவதற்கு, இதே கடற்கரையில்,
மாசுபடாத ஓர் இடத்தின் மாதிரி தேவை.
நியாயம்தான்.
வரைபடத்தை விரித்து வைத்து
வடக்கே விரலை நகர்த்தினேன், துறைமுகம்.
தெற்கே நகர்த்தினேன், துறைமுகம்.
மேற்கே மணலி.
கிழக்கே கடலுக்குள் கொஞ்ச தூரம் போய்
விரலை எடுத்துவிட்டேன்.
நாலு மாதமாக உதவித்தொகை வரவில்லை,
கிழக்கே போகப் பெரிய படகு வேண்டும்.

ராத்திரி பதினொன்றரைக்கு
நூற்றுப் பன்னிரண்டைத் திறந்தேன்.
ஒரு ஆளிச்சிப்பி. மூடியபடியே, இரண்டு ஓடும் சேர்ந்து,
கத்தியை வைத்ததும் கோபமாய்க் கீறியது.
அதைச் சுற்றியிருந்த மண்ணைக் கழுவிப் பார்த்தேன்.
மூன்று தட்டு. ஐந்து தட்டு.
ஒரு கண்ணாடி உருண்டைகூட இல்லை.
மணல், களிமண், ஒரு நண்டின் நகம்.
அட்டவணையில் எழுதினேன்:
ஒப்பீட்டு இடம்: அதே இடம்.
தூரம்: நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
திசை: கீழ்.

காலையில் தேசப்பனுக்கு போன் போட்டேன்.
"அது எந்த வருசத்து சிப்பி?"
"அறுபத்தஞ்சு. ஏழு வருஷம் முன்னப்பின்ன இருக்கலாம்."
"என் வயசும் அதே கணக்குதான்,
ஆதார்ல ஒண்ணு, ரேஷன்ல ஒண்ணு."
கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.
"உள்ள கறி இருந்துச்சா?"
"இல்ல. சேறுதான்."
"ம்."

இன்னும் இரண்டு குழாய் வேண்டும் என்றேன்,
ஒன்றை வைத்து யாரும் நம்ப மாட்டார்கள்.
வியாழக்கிழமை அஞ்சு பத்துக்குத் தண்ணீர் வற்றுமாம்.
தொள்ளாயிரம்.
காத்திருப்பு விலை ஏறிவிட்டது.