மூன்றாம் அறை

திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில்
நாலு அறை, பதினெட்டுத் தலையணை,
ஒரு நாய். பெயர் மட்டி;
மட்டிவாழை மூட்டில் கிடைத்த குட்டி.

ஏப்ரல் பிறந்தால் வேன் வேனாக இறங்குவார்கள்.
ஹாரன் கேட்குமுன் அது கேட்டில் நிற்கும்.
வாலாட்டி வரவேற்பதோடு அதன் வேலை முடிந்தது.
சாவி, பக்கெட், கொசுவத்தி,
கரண்டு போனால் ஏச்சு,
எல்லாம் எனக்கு.

“நாய் கடிக்குமா?”
கடிக்காது. செருப்புத்தான் எடுக்கும்,
அதுவும் இடதுகால் மட்டும்.
திருப்பூர்க்காரர் ஒருவர்
என் ரப்பர் செருப்போடு ஊர் திரும்பினார்.

மரச்சீனி அவித்து, மீன்கறி வைத்து,
விரிப்பு துவைத்து, துவைத்து
மே மாதம் முழுக்க ஒரே நாளாகப் போனது.
பால்வெட்டும் தாசையன் வந்து கூப்பிட்டார்:
ஷீட் காயும் புகைப்புரையில்
பதினோரு செருப்பு.

நேற்று இடவப்பாதி இறங்கியது.
கொடியில் விரிப்பு காயவில்லை.
காலியான அறைகளை ஒவ்வொன்றாய் மோந்துவிட்டு
மூன்றாம் அறைக் கட்டிலில்
நனைந்தபடியே ஏறிப் படுத்தது மட்டி.
விரட்டக் கையோங்கினேன். போன் அடித்தது.

“அக்கா, நாளைக்கு ரூம் கிடைக்குமா?”

குறட்டை.

“இல்ல மக்களே,” என்றேன்,
“ஆளு இருக்கு.”