மூன்று பத்து

ஒப்பந்தம் முப்பத்தொரு பக்கம்.
இடப்பக்கம் பல்கலைக்கழக முத்திரை,
வலப்பக்கம் ஆலை முத்திரை,
நடுவில் ‘நீடித்த நிலைத்தன்மை’ என்று
கொட்டை எழுத்தில்.
கையெழுத்துப் போடும்போது பேனா வழுக்கியது.
துராஸ்னோவில் எல்லாம் வழுக்கும்.
ஆட்டு ரோமம் வெளுக்கும் ஊர்,
கதவுப் பிடியில்கூடக் கொழுப்பு.

காற்றூட்டும் தொட்டியில் என் கருவியை இறக்கிவிட்டு
மூன்று மணி நேரம் பேருந்தில்
மோந்தேவிடேயோ திரும்பினேன்.
தண்ணீரில் எவ்வளவு பிராணவாயு என்று
நிமிடத்துக்கு ஒருமுறை அது சொல்லும்.
குறைவென்றால் ஊதிகள் உறுமும்,
போதுமென்றால் அடங்கும்.
ஓடைக்குப் போகும் நீர் மூச்சோடு போக வேண்டும்,
மின்கட்டணமும் இறங்க வேண்டும்.
எங்களுக்குக் கட்டுரை,
அவர்களுக்குச் சான்றிதழ்.

நாற்பது இரவுகள் சேர்ந்தன.
ஒவ்வோர் இரவும் சரியாக மூன்று பத்துக்கு
கோடு துள்ளி எழுகிறது.
ஒன்றரை மணி நேரத்தில்
சரிந்து படுத்துவிடுகிறது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.
நுண்ணுயிர்களுக்கு ஒரு ரகசிய விடியல் இருப்பதாக எழுதினேன்.
அதற்கொரு சமன்பாடு,
சமன்பாட்டுக்கு ஒரு பெயர்.
பேராசிரியர் ஓலாசாபால் கைகுலுக்கினார்.
ஆலை மேலாளர்
மாநாட்டில் காட்ட அந்தப் படத்தைக் கேட்டார்.

ஞாயிறுகளில் மட்டும் கோடு துள்ளவில்லை.
நுண்ணுயிருக்கு ஏது ஞாயிறு?

ஜூலைக் குளிரில்
யாரிடமும் சொல்லாமல் கடைசிப் பேருந்து பிடித்தேன்.
ரோம மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன்,
என் சொந்தச் சோதனையை வேவு பார்ப்பவளாக.

மூன்று எட்டுக்கு ஒருவர் வந்தார்.
அக்குளில் வெந்நீர்க் குடுவை,
கையில் மாத்தேச் சுரைக்குடுக்கை.
கருவியைக் கயிற்றோடு தூக்கி
குடிக்க வைத்திருந்த வெந்நீரை அதன் முகத்தில் ஊற்றி
சட்டை நுனியால் துடைத்து
திரும்ப இறக்கினார்.

உறுமல் அடங்கியது.
அந்த இடைவெளியில்
எங்கோ ஒரு வானொலி
பாதிப் பாட்டிலிருந்து கேட்கத் தொடங்கியது.

“கொழுப்பு மூடினால் ஊதி கத்துகிறது, டாக்டர்.
துடைத்தால் ஒன்றரை மணி நேரம் பாட்டு.
பழைய கருவியும் இப்படித்தான்,
பதினொரு வருஷமாகத் துடைக்கிறேன்.”

ஞாயிறு?

“ஞாயிறு எனக்கு லீவு.”

விளக்கெண்ணெய் என் கண்ணில்.
கருவியின் கண்ணிலோ ஆட்டுக் கொழுப்பு.
மூச்சு நிறைந்த தண்ணீரைப் பார்த்து
மூச்சில்லை மூச்சில்லை என்று
நாளெல்லாம் புலம்பியிருக்கிறது;
வயிறு நிறைந்த பிள்ளைக்கு
ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

சமன்பாட்டை அழித்தேன்.
அரை மணிக்கு ஒருமுறை தானே துடைத்துக்கொள்ளும்
ஒரு சின்ன ரப்பர் கரம் பொருத்தினோம்.
மின்கட்டணம் இறங்கியது.
எவ்வளவு என்பது
பதினேழாம் பிரிவின்படி ரகசியம்.

கட்டுரையில் இரண்டாவது பெயராக எழுதினேன்:
வில்மார் பெந்தான்கூர்.
ஆலையின் வழக்கறிஞர் கேட்டார், எந்தத் துறை?
இரவு, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நான்கு மாதம் மின்னஞ்சல்கள் போய் வந்தன.
கடைசியில் அடிக்குறிப்பில், நன்றி என்ற சொல்லுக்குக் கீழே
பெந்தான்கோர் என்று
பிழையோடு அச்சானார்.

இப்போது இரண்டாம் கட்ட ஒப்பந்தம் மேசையில்.
இருபத்தாறாம் பக்கத்தில் ஒரு வரி:
‘தானியங்கி வசதியை முன்னிட்டு
இரவுப் பணியிடங்கள் மறுபரிசீலனை செய்யப்படும்.’
அதை அடித்துவிட்டு அனுப்பினேன்.
வேறு சொற்களில் திரும்பி வந்தது.

திரையில் கோடு நேராகக் கிடக்கிறது.
எதுவும் துள்ளவில்லை.
இந்நேரம் அங்கே விடிய விடியப் பாட்டு.

பேனா இம்முறை வழுக்கவில்லை,
விரல்களில் நன்றாகவே பிடித்திருக்கிறது.
மணி மூன்று ஒன்பது.