இருநூற்றுப் பதினைந்து பாகை

அறுபது அடிக் கோபுரத்துக்கு
மூன்று திசையில் இழுவைக் கம்பி வேண்டும்,
நூற்றிருபது பாகைக்கு ஒன்று. அதில் பேரம் கிடையாது.
சூயாக்கில் என் மனையோ
நாலாய் மடித்த கைக்குட்டை.
இரண்டு கம்பி எனக்குள் முடிந்தன.
மூன்றாவது
மதாம் ரோலினின் வேலி தாண்டிப் போய்
சுசுக் கொடிப் பந்தலுக்குப் பக்கத்தில்
மண்ணில் இறங்கிற்று.

மாதம் ஒருமுறை ஆலை ஷிப்ட் முடிந்து
ஸ்பேனரும் கிரீஸ் டப்பாவுமாக அவள் முற்றத்தில் நிற்பேன்.
கம்பியில் ஏறிய கொடியைப் பிரித்துவிடுவேன்.
"விட்டுவிடு, உன் கோபுரத்தை அதுதான் பிடித்திருக்கிறது"
என்பாள் கிரெயோலில்,
புகை விட்டபடி.

எங்கள் கரையில் அலையை மறிக்கப் பவளப்பாறை இல்லை.
உப்பு நேரே வீட்டுக்குள் வரும்.
துத்தநாகம் பூசிய கம்பியும் மூன்றே வருடத்தில்
செம்பட்டை தட்டும்.
கிளிப்பின் சேணம் பாரம் சுமக்கிற கம்பிமேல்தான் உட்கார வேண்டும்;
வெட்டிவிட்ட வால்மேல் அல்ல.
மாற்றிப் போட்டவனுக்குக் காற்று வந்து சொல்லும்.
இறுக்கம் பார்க்க மீட்டர் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது.
இருந்தும் உள்ளங்கையால் ஒரு தட்டு.
அடியில் கிளம்பிய அதிர்வு
உச்சியைத் தொட்டுத் திரும்பும்வரை
எண்ணிக்கொண்டு நிற்பேன்.

பிப்ரவரியில் புயல். மூன்றாம் எச்சரிக்கை.
விடியும்வரை மூன்று கம்பியும் மூன்று சுருதியில் அலறின.
மதாம் ரோலினுக்குக் கூரைத் தகரம் ஒன்று போயிற்று, பந்தல் போயிற்று.
கோபுரம் நின்றது.
எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

மறுவாரம் பெட்டியின் முள்ளை
முப்பத்தைந்தில் நிறுத்தி அழைத்தேன்.
மூன்று பி எட்டு, மூன்று பி எட்டு…
ஏரலில் சவரிமுத்து எடுத்தார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்,
என் சனிக்கிழமை வகுப்புத் தமிழைச்
சிரிக்காமல் கேட்கிறவர்.
"என்ன தாயி, கொரல்ல ஒரு நடுக்கம்?
ஒடம்புக்கு முடியலையா?"
நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன்.
மறுநாளும் கேட்டார்.
மிளகு, பனங்கற்கண்டு என்றார்.
ஜூன்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.
கண்ணாடி முன் வாயைத் திறந்து
நானே டார்ச் அடித்துப் பார்த்தேன் ஒருநாள்.
அந்த வருடம் என்னை அப்படிக் கேட்க
வீட்டில் வேறு ஆள் இல்லை.

ஜூலையில் ஏறினேன், இடுப்பு வார் மாட்டி.
ரோட்டேட்டரின் பற்சக்கரம் சுத்தம். பிரேக் ஆப்பு தேயவில்லை.
நிமிர்ந்தபோது எதிரே கடல்.
ஆண்டெனாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.
புயலில் கவ்வியின் போல்ட் வழுக்கி
குழாய் சரியாக அரைச் சுற்று திரும்பியிருக்கிறது.
கீழே முள்ளுக்கு இது தெரியாது.
முள் தன் மோட்டாரை மட்டும் நம்பும்.

ஐந்து மாதம்
முதுகைக் காட்டிக்கொண்டு பேசியிருக்கிறேன்.
என் வணக்கம்
தென் அட்லாண்டிக்கின் பனி விளிம்பில் உரசி,
சிலியைத் தாண்டி, பசிபிக் முழுதும் கடந்து,
கம்சட்கா, சீனம் எல்லாம் பார்த்துவிட்டு
வடகிழக்கு வழியாக ஏரலுக்குள் நுழைந்திருக்கிறது.
அவ்வளவு தூரம் போனால் யாருக்கும் குரல் நடுங்கும்.

திருப்பி வைத்தேன். கவ்வியோடு குழாயைத் துளைத்து
எஃகு ஊசி ஒன்று செருகினேன்.
இனி எந்தக் காற்றுக்கும் அசையாது.

"ஆ, இப்பம் நல்லா தெளிவா இருக்கு தாயி.
சொகமாயிட்டு போல."
அப்புறம் கிரேன் பற்றிப் பேசினார்,
உப்பளத்தில் மழை பெய்தது பற்றி.
மறுநாள் எதுவும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும்.

பத்தாம் நாள் சாயங்காலம் குமிழைத் திருகினேன்.
முப்பத்தைந்திலிருந்து இருநூற்றுப் பதினைந்துக்கு
அரை நிமிடம் ஆகும். மோட்டார் முனகும்.
புதுக் கொடி நட்டுக்கொண்டிருந்த மதாம் ரோலின்
அண்ணாந்து பார்த்தாள்.
"அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்?"

ஜன்னல் வழியாகச் சொன்னேன்:
அதே ஆள்தான்.