ஐம்பத்தேழு புள்ளி ஒன்று ஐந்து

பனாமா சிட்டி, ஓட்டல் கூடம்.
தராசைச் சரிபார்ப்பது என் வேலை.
என் எடையை யாரும் கேட்பதில்லை.

எலியேசர் ஏறினான்.
எண்பது கிராம் கூடுதல்.
சங்கிலியைக் கழற்றினான், காலுறையை;
நான்கு பேர் துண்டு பிடிக்க
மிச்சத்தையும்.
நாற்பது.
மூச்சை முழுக்க வெளியே விட்டுப் பார்த்தான், பாவம்,
காற்றுக்கும் கனமுண்டு என்று நம்பி.
அதே நாற்பது.

ஒரு மணி நேரம் கொடுத்தோம்.
ரப்பர் சட்டையோடு வெயிலில் குதித்தான்;
குவளையில் துப்பித் துப்பி
எச்சிலும் வற்றியது.
எண் நின்றது. கூட்டம் கத்தியது.

பிறகு கேமராக்களுக்காக
மூக்குக்கு மூக்கு.
எதிரி துலாத், கசகஸ்தான்காரன்,
அவனும் மூன்று நாளாய் நா நனைக்காதவன்.
அனல் பறந்த முறைப்பு என்று
நாளை எழுதுவார்கள்.

இருவர் கண்ணும் ஓரமாய்ச் சரிந்து
என் கையில்,
பாதி குடித்த பாட்டிலில்.

முதுகுக்குப் பின்னால்
ஒளித்துக்கொண்டேன்.