நாற்பதில் ஒன்பது

பகாவ் டவுனில் என் கடைக்கு இடப்பக்கம் டோபி,
வலப்பக்கம் கைப்பேசி பழுதுபார்க்கும் பையன்.
நடுவில் நான் கல்லும் காகிதமும் விற்கிறேன்.
இரண்டும் ஒரே கடையிலா என்று கேட்பார்கள்.
வாடகை ஒன்றுதானே என்பேன்.

கல் லோரியில் வரும்.
பழைய வட்டிக்கடை வீடு இடிந்த மறுநாள்
ஜக்காரியா இறக்கிப்போட்டான்:
வாழைப்பூ முனை தேய்ந்த போதிகை இரண்டு,
நாகபந்தம் ஏறிய அரைத்தூண்,
அப்புறம் ஒரு விதானக் கல்.
நடுவில் எட்டிதழ்ப் பூ, மூலைக்கொரு கிளி.
நாலில் ஒரு கிளிக்கு மூக்கில்லை.
முதுகெல்லாம் சிமெண்டு.
யாரோ அதைக் குப்புறப் போட்டுக்
குளியலறைத் தரையாக்கியிருக்கிறார்கள்.
கூரையில் இருக்கவேண்டிய கிளிகள்
எத்தனை பேர் குளித்ததைக் கேட்டனவோ.

காகிதம் குழாயில் வரும்.
செம்பனை ஆலையில் கணக்கெழுதியவரின் பிள்ளைகள்
அலமாரியைக் காலிசெய்தபோது கிடைத்தது இது.
பட்டுத்திரை அச்சு, அறுபத்தெட்டாம் வருஷம்.
மூன்று கறுப்புச் செவ்வகம்,
எதையும் தொடாமல் போகும் ஒரு மஞ்சள் கோடு,
மிச்சமெல்லாம் வெள்ளை.
அடியில் பென்சிலில் 9/40,
கோழி நடந்த மாதிரி ஒரு கையெழுத்து.
"லயத்து சன்னல்கள், கரண்டு போன ராத்திரி"
என்றான் ஜக்காரியா, வெற்றிலைச் சுண்ணாம்பு கேட்பதுபோல.
இதைவிட நல்ல விளக்கம்
எந்த ஏலப் பட்டியலிலும் நான் படித்ததில்லை.

சுருண்டது படியவேண்டுமே.
மேலே மெல்லிசாக ஒரு தாள், அதன்மேல் அந்தக் கல்.
சிமெண்டு பக்கம் கீறிவிடும் என்று பயந்து
பூப்பக்கத்தைக் கீழே வைத்தேன்.
மூன்று இரவும் மழை.

நாலாம் நாள் தூக்கினால்
வெள்ளைப் பகுதியின் வலது மூலையில்
மையில்லாமல் ஒரு கிளி.
பள்ளமாக, திசைமாறி.
பாழாய்ப்போக, அந்த மூக்கறை!

ஞாயிற்றுக்கிழமை சிரம்பானிலிருந்து கோ வந்தார்.
பல் மருத்துவர்; வாங்குவதென்றால் அச்சுப்படம் மட்டும்தான்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
சொத்தை தேடுகிறவர்போலக் காகிதத்தைத் தடவினார்.
"இது அச்சிலேயே உள்ளதா?"
ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்தது.
அதன் விலை அறுநூறு வெள்ளி என்றும் தெரியும்.
"இல்லை. என் கல் பண்ணிய வேலை" என்றேன்.
"அப்படியானால் சேதம். இருநூறு குறையுங்கள்."
"மற்ற முப்பத்தொன்பதில் கிளி கிடையாது, டாக்டர்."
அவர் சிரிக்கவில்லை.
டோபிக்கடை இயந்திரம் ஒரு முழுச் சுற்று ஓடி நின்றது.

"மூக்கு எங்கே?"

பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன்.
இஸ்திரி போட்ட சட்டையோடு குந்தி உட்கார்ந்து
உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்,
உளி படாத உடைவு, விழுந்து உடைந்தது என்று
எனக்கே சொன்னார்.
"கல்லையும் எடுத்துக்குங்களேன்."
"பதினாறாவது மாடியம்மா என் வீடு."
கடைசியில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பழைய விலை.
ரசீதில் உள்ளதை எழுதச் சொன்னார்.
எழுதினேன்: சேதம், கிளி ஒன்று.

அடுத்த மாதம் படம் அனுப்பினார்.
சட்டம் போட்டு, சுவரில், கண்ணாடிமேல் விளக்கொளி விழ
கிளி இருந்த இடத்தில் வெறும் வெளிச்சம்.
அதற்கடுத்த வாரம் அவருடைய நண்பர் அழைத்தார்,
குரலை ஏனோ தாழ்த்திக்கொண்டு:
"கிளி உள்ள பிரதி இன்னொன்று கிடைக்குமா?"

நேற்று கோலப்பிலாவிலிருந்து ஒரு தட்டை அட்டைப்பெட்டி.
அதே மூன்று செவ்வகம், அதே மஞ்சள்,
பென்சிலில் 31/40.
சுருளே இல்லை; பலகைபோல் படிந்து கிடந்தது.
வெளியே மேற்கில் இருட்டிக்கொண்டு வந்தது.
ஜக்காரியா கல்லைப் பார்த்தான்.
நான் ஜக்காரியாவைப் பார்த்தேன்.