எழுபதாயிரம் கஜம்

காலை ஆறு. பாலாடாவில்
கேரட் பாத்தியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது.
அலியார் கடை டிவியில் ரிமோட் செத்துப்போய்
ஒரே சானல்.
அமெரிக்காவில் அங்கே நேற்றைய ராத்திரி.
பதினேழாம் எண் சட்டைக்காரன் ஒருத்தன்
ஓய்வு பெறுகிறான்.

ஃபுட்பால் என்கிறார்கள். காலால் தொடக்காணோம்.
பந்தும் பலாக்கொட்டை மாதிரி.
இருபது வருஷத்தில் அவன் எறிந்தது
மொத்தம் எழுபதாயிரம் கஜமாம்,
எழுத்து ஓடுகிறது கீழே.

பக்கத்தில் செபமாலை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.
நான் மனசுக்குள் பெருக்கினேன்:
லாரிக்கு நாலாயிரம் கோஸ்,
தரையிலிருந்து என் கைக்கு நாலு கஜம்.
ஐந்தாவது லாரியில் அவனைத் தாண்டியாச்சு.

என்ன, செபமாலையைச் சாய்க்க
ஆறு தடியன்கள் பாய்ந்து வரவில்லை.
அதையும் சொல்லணும்.

ஆனால் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.
நான் நிற்கிற இடத்துக்கு எறியமாட்டார்,
அடுத்து நிற்கப்போகிற இடத்துக்கு.
கை போய்ச் சேரும்போது
கோஸ் அங்கே வந்திருக்கும்
பனித்தண்ணீர் சொட்டச் சொட்ட.

நடுவில் கேத்தி மண்டிக்காரன்
கூலியில் ஐம்பது ரூபாய் ஏற்றிக் கூட்டிப்போனான்.
மூன்று வருஷம். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.
புது ஆள் எறிந்த முதல் கோஸ்
என் நெஞ்சில் வந்து விழுந்தது.
அன்றைக்குத் திட்டினேன் பாருங்கள்,
புது ஆளை இல்லை.

திரும்பி வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.
போன ஐப்பசி மழையில்,
பாதி லாரியில்,
தோள்பட்டையில் ஏதோ துணி கிழிகிற சத்தம்.
எனக்கு மேலேயே கேட்டது.
கையிலிருந்த கோஸை மெதுவாகக் கீழே வைத்தார்.
அதுவரை அவர் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை.

டிவியில் அவன் அழுகிறான்.
அரங்கமே எழுந்து நிற்கிறது.
"இவன் போட்டதப் புடிச்சவன் எவன்டா?
அவனைக் காட்டவேயில்ல" என்றார் செபமாலை.

வெளியே லாரி ஹாரன்.
எழுந்தேன். பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி கேட்டேன்.
இடக்கையால் போட்டார்.
நாலடி தள்ளி, ஈரத்தில் விழுந்தது.

நான் முன்னமே
அங்கே போய் நின்றிருக்க வேண்டும்.