இரண்டு அங்குலம் தள்ளி

களியக்காவிளை செக்போஸ்டில்
மீன் பெட்டியா என்று கேட்டார்களாம்.
ஐஸுக்குள் இரண்டு குழாய்கள், எண் நாற்பத்தேழு.
ஒன்றில் கட்டி.
மற்றது, அதிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி எடுத்தது:
'நல்ல திசு' என்று
மார்த்தாண்டத்து நர்ஸ் ஜெபமலரின் சாய்ந்த கையெழுத்து.

அரைத்தேன். கொதிக்கவிட்டேன்.
விடியலில் ரப்பர்பாலுக்கு ஆசிட் ஊற்றிய அதே கையால்
ஜெல்லின் பள்ளங்களில் சொட்டுச் சொட்டாக இறக்கினேன்.

நீலம் கழுவக் கழுவக் கோடுகள் தெளிந்தன.
இருபத்தேழு கிலோடால்டன் பக்கம்
கட்டியின் தடத்தில் மை கொட்டினாற்போல ஒரு பட்டை.
நல்லதில் நகம் கீறின அளவுகூட இல்லை.
ஸ்ரீகண்டன் சார் மூன்று முறை படமெடுத்தார்,
சாயா வாங்கித் தந்தார்.

என் கண் நாற்பத்திரண்டிலேயே நின்றது.
ஆக்டினாக இருக்கும்;
இரண்டு தடத்திலும் ஒரே கனம், ஒரே நீலம்.
அளவு ஒத்துப்பார்க்கத்தான் அது,
கட்டுரையில் அதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

பெயர் எங்களுக்குத் தரமாட்டார்கள்.
வயது நாற்பத்தொன்று, இடது பக்கம்.
தொழில்: பால்வெட்டு.

மிச்சத்தை மைனஸ் எண்பதில் வைத்து
கதவை அழுத்தும்போதுதான் உறைத்தது,
நல்ல திசுவும்
வீட்டுக்குப் போகவில்லை.